நகம் தடுக்காத கோடுகள்

குடும்ப நீதிமன்ற வராந்தாவில்
வக்கீல் நீட்டிய பால்பாயிண்ட் எழுதவில்லை.
பெனிட்டா தன் பேனாவைத் திறந்து கொடுத்தாள்.
எட்டு வருடத்தில் முதல்முறை.
அவள் கைக்குச் சாய்ந்து தேய்ந்த நிப்பு
என் பெயரைக் கரகரவென்று இழுத்தது
ஐந்து இடங்களில்.
மூடினேன். சட்டைப்பைக்குள் போட்டேன்.
யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி.
சாலையின் குழிகளெல்லாம் சேர்ந்து
பேனாவையும் வீட்டுச் சாவியையும்
ஒரே பையில் போட்டு உலுக்கின.
திங்கள்சந்தையில் வண்டியை நிறுத்தும்போது மழை.

இரவு டியூப்லைட்டின் கீழ் சாய்த்துப் பார்த்தேன்.
கறுத்த எபோனைட் உடம்பில்
முடி உதிர்ந்தது போல் கீறல்கள்.
ஊதினால் போகிற முடி இல்லை.
நகத்தை வைத்துக் குறுக்கே ஓட்டினேன்.
தடுக்கினால் ஆழம், வழுக்கினால் மேலோட்டம்.
வழுக்கியது.
இன்னொரு தடவையும் ஓட்டிப் பார்த்தேன்.

பைக்குக்குப் பெயிண்ட் அடிக்கும் சுஜின்
தேங்காய் எண்ணெய்க் குப்பியின் மூடியில்
பாலிஷ் பசை கொஞ்சம் வழித்துத் தந்தான்.
"பேனாவுக்கா? வேற சோலி இல்லியாடே?"
இல்லை என்றேன்.

மையை வெளியேற்றினேன்.
தங்கக் கிளிப்புக்கு மேல் காகித டேப்.
பழைய பனியனில் தையல் இல்லாத துண்டு,
பச்சைப்பயறு அளவு பசை.
தண்ணீர் ஆகாது,
ஊறினால் இந்தக் கறுப்பு பழுத்துப் போகும்.
வட்டமாக அல்ல, நெடுக.
அழுத்தாமல், நெடுக.
சூடேறியதும் ஒரு வாசனை எழுந்தது,
குலசேகரம் பக்கத்துப் புகைப்புரைகளில்
ரப்பர் ஷீட் தொங்குகிற வாசனை.
இதுவும் மரத்தில் வழிந்த பால்தான்,
கந்தகத்தோடு வெந்து கல்லானது.

பனியன் கறுத்துக்கொண்டே வந்தது.
கீறலை மட்டும் தனியே எடுக்க வழியில்லை.
சுற்றியிருக்கும் நல்ல இடத்தையெல்லாம்
அந்த ஆழத்துக்கு இறக்கவேண்டும்.
துணியில் படிந்தது
நல்ல இடத்துக் கறுப்பு.

ஒன்றரை மணி இருக்கும்.
பேனாவின்மேல்
உடைந்து உடைந்து கிடந்த டியூப்லைட் வெளிச்சம்
இந்த முனையிலிருந்து அந்த முனைவரை
ஒரே கோடாக நின்றது.

மூடியின் உச்சியில் மட்டும் நான்கு குழிகள்.
சாவி அல்ல, பல்.
யாரையும் தொடவிடாதவள்
விடைத்தாள் திருத்தும் ராத்திரிகளில்
தானே கடித்தது.
நகம் அங்கே தடுக்கியது.
துணியை மடித்து வைத்தேன்.

விடிந்ததும் செய்தி அனுப்பினேன்:
பேனா என்கிட்ட இருக்கு.
உடனே வந்தது: தெரியும்.
பிறகு வெகுநேரம்
எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது.
பிறகு இவ்வளவுதான்:
ஆறு மாசம் கழிச்சு
அடுத்த ஒப்புக்கு வரும்ப கொண்டா.
நிப்பு மேல பாத்து இருக்கணும், இல்லேன்னா கசியும்.

கண்ணாடித் தம்ளரில்
மூடி கீழாக நின்றுகொண்டிருந்தது பேனா.
உள்ளே மை இல்லையே என்று
தட்டினேன், அழித்தேன்.
எழுந்துபோய்த்
திருப்பி வைத்தேன்.