மூன்றாம் கால்

மரகைபோவில் கரண்ட் போவதற்கு
யாரும் பயப்படுவதில்லை.
திரும்பி வருவதற்குத்தான்.
சொல்லாமல் கொள்ளாமல் போனது
வரும்போது கதவை உதைத்துக்கொண்டு வரும்.

நான் நெர்வா. மாடியில் பட்டறை.
செத்த கணினியின் மூடியைக் கழற்றுமுன்னே
மூக்கு பாதி சொல்லிவிடும்:
கருகிய வார்னிஷ் வாடையென்றால் சுருள்,
மீன் நாற்றமென்றால் கெப்பாசிட்டர்.
ஒரு வாடையும் இல்லையென்றால்
அன்று மதியச் சாப்பாடு நாலு மணிக்கு.

செவ்வாய்க்கிழமை எவேலியோ வந்தார்,
பெட்டியைக் குளியல் துண்டில் சுற்றி
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.
சிறுவர் பேஸ்பால் லீகுக்குக் கணக்கெழுதுகிறவர்.
பதினோரு வருட ஆட்டம் அதற்குள் இருக்கிறது,
யார் எத்தனை ரன், யார் எந்தப் பந்தில் அவுட்.
"அந்தப் பயல்களில் பாதிப்பேர் இப்போது
சிலேயில் பீட்சா சுமக்கிறார்கள்.
அவர்கள் அடித்தது மட்டும் என்னிடம்."
பிறகு, குற்றம் தன்மேல் இல்லை என்பதுபோல்,
"சர்ஜ் பட்டை போட்டிருந்தேன், தெரியுமா.
ஆறு துளை. பச்சை விளக்கு."

அதையும் கொண்டுவரச் சொன்னேன்.
பச்சை விளக்கு எரியவில்லை.
எத்தனை நாளாக?
மேசைக்கடியில், பூனை படுக்கிற மூலையில் கிடந்தது.
யார் குனிந்து பார்த்தார்கள்.

உள்ளே, கோட்டுப் பொத்தான் அளவில் ஒரு நீல வில்லை.
அளவாக வரும் மின்சாரத்துக்கு அது சுவர்.
அளவு மீறினால் அதுவே வாய்க்கால்:
பாய்ந்து வருவதைத் தன்மேல் வாங்கி
மண்ணுக்குத் தள்ளிவிடும்.
ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சாகும்.
எத்தனை தடவை தாங்கும் என்று
அட்டையில் அச்சடிப்பதில்லை.
இது எப்போதோ கரிந்து பிளந்திருந்தது,
பட்டை மட்டும் வேலையில் இருந்தது.

பிறகு பிளக்கைப் பார்த்தேன்.
மூன்று கால் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு.
மூன்றாவதை ரம்பத்தால் அறுத்து,
அறுத்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து
மழமழவென்று ஆக்கியும் இருந்தார்.
"சுவரில் இரண்டு துளைதானே?"

மண்ணுக்குப் போகிற ஒரே வழி அது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
என் வீட்டுச் சுவரிலும் இரண்டு துளைதான்.

"ஏரியில் வெட்டுகிற மின்னலா?" என்றார்.
இல்லை. அது தெற்கே, ஆறு சேரும் இடத்தில்,
சத்தம்கூட இங்கே எட்டாமல்
தன்பாட்டுக்கு இரவெல்லாம் வெட்டும்.
வெளியூர்க்காரர்கள் படகேறிப் போய்ப் பார்ப்பார்கள்.
உங்களுடையதைக் கொன்றது
பேக்கரி முனை டிரான்ஸ்பார்மர்.
அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சப்ளை போயிற்று. போர்டும் போயிற்று.
டிஸ்க்கைக் கழற்றி என் மெஷினில் மாட்டினேன்.
டக். டக்.
மூச்சு விடவில்லை அவர்.
சுழன்றது.
யெண்டர் பெரோஸோ, ஒன்பது வயது,
மூன்று அடி, ஒரு பேஸ் திருட்டு.
"இடதுகை," என்றார் நின்றபடியே. "ஷூ கிடையாது."

புதுப் பட்டைக்கும்
சுவரோரம் அறைய ஒரு செம்புத் தடிக்கும்
விலை எழுதிக் கொடுத்தேன்.
"இனி இடியே விழுந்தாலும்?"
நேராக விழுந்தால் எதுவும் நிற்காது.
வானம் கறுத்தால் பிடுங்கிவிடுங்கள்.
டெலிபோன் வயரையும்.
"அதையுமா?"
அதையும்.
கரண்ட் வந்ததும் மாட்டாதீர்கள். நூறு எண்ணுங்கள்.
பாதி டாலராகவும் பாதி காப்பித்தூளாகவும்
கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிரவு எட்டுக்குப் போனது
மூன்று மணிக்கு வந்தது,
தெருவிளக்கு ஒருமுறை வெள்ளையாய் வீங்கி அடங்கியது.
பிடுங்கிப்போட்ட வயர்களுக்கு நடுவே
உட்கார்ந்து எண்ணினேன்.
அறுபத்திரண்டில் வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.
மின்விசிறியை மட்டும் மாட்டினேன்.
சுற்றியது.
அந்தக் காற்றில் உட்கார்ந்து
மீதி முப்பத்தெட்டையும் எண்ணினேன்.