முன்னிருப்பு

ஒவ்வொரு புது அட்டைக்கும்
நாலு பெட்டி, நாலு சொடுக்கு.
மொழி, துறை, ஆதாரம், நிலை.
தம்பெரேயில் டிசம்பர், வெள்ளிக்கிழமை,
மூன்று மணிக்கே ஜன்னல் கறுத்துவிட்டது.
பக்கத்து மேசை ஐலி பனிக்காலணிக்கு மாறிக்கொண்டிருந்தாள்.
அமைப்புகளுக்குள் போனேன்.
மொழி: ஃபின்னிஷ்.
துறை: மரம்வெட்டும் இயந்திரம்.
ஆதாரம்: நிறுவனத்துக்குள்.
நிலை: ஏற்கப்பட்டது.
சேமிக்கவா என்று கேட்டது. சேமி என்றேன்.
பேருந்தைப் பிடித்துவிட்டேன்.

பிறகு ஏழு வருடம்
யார் எந்த அட்டையைத் திறந்தாலும்
முதல் எழுத்தைத் தட்டும் முன்பே
அந்தச் சொல் ஏற்கப்பட்டிருந்தது.
பிள்ளை பெறுமுன் பேர் வைப்பதைச் சொல்வார்கள்,
நாங்கள் பேர் வைக்குமுன்
பெற்றாகிவிட்டது என்று சான்றிதழ் கொடுத்தோம்.

அக்டோபரில் எஸ்டோனியாவிலிருந்து கடிதம்.
வோரு பக்கம் காட்டில் வண்டி ஓட்டும் கல்மர் என்பவர்
கோபமில்லாமல்தான் எழுதியிருந்தார்:
உங்கள் கையேட்டில்
பூட்டு என்று இருக்க வேண்டிய இடத்தில்
விடுவி என்று இருக்கிறது.
நான் விடுவித்தேன்.
பதினெட்டு டன் ஒன்றரை மீட்டர் நகர்ந்து
ஒரு பிர்ச் மரத்தில் சாய்ந்து நின்றது.
எனக்கு ஒன்றுமில்லை. காபிதான் கொட்டிப்போச்சு.
படம் இணைத்துள்ளேன்.

வெள்ளைப் பட்டை உரிந்து
உள்ளே ஈரமாய், ஆரஞ்சாய்,
ஒரு கை அகலத்துக்கு.

யார் ஏற்றது, என்றாள் மர்கெத்தா.
தேடிப் பார்த்தேன்.
ஏற்கப்பட்ட சொற்கள் இரண்டாயிரத்து முன்னூற்றுப் பதினாறு.
அவற்றில் ஏற்றவர் பெயர் இருப்பவை நானூற்று ஒன்பது.
மற்றதெல்லாம் யாரும் இல்லாமல்
தானே தலையாட்டிக்கொண்டவை.

அந்தச் சொல்லைப் பதிந்தவன் ஒஸ்கரி,
ஆறு வாரம் கோடைப் பயிற்சிக்கு வந்த பையன்.
குறிப்புப் பெட்டியில் எழுதியிருந்தான்:
சரியா? யாரிடமாவது கேட்கணும்.
குறிப்புகள் அச்சுக்குப் போவதில்லை.
நிலைதான் போகும்.
அவன் சந்தேகப்பட்டிருக்கிறான், நல்ல பிள்ளை.
பெட்டிதான் சந்தேகப்படவில்லை.

பெட்டியை அப்படி வளர்த்தது யார் என்று
பதிவேட்டைத் திறந்தேன்.
என் பெயர். என் வெள்ளிக்கிழமை.
மணி மூன்று பன்னிரண்டு.

காலியாக விட்டுவிடலாமே, என்றேன் யல்மரியிடம்.
அது கட்டாயப் புலம், என்றான்,
காலி என்பது ஒரு மதிப்பில்லை.
இருப்பவை மூன்றுதான்:
ஏற்கப்பட்டது, விலக்கப்பட்டது, பழையது.
நாலாவதாய் ஒன்று சேர், என்றேன்:
யாரும் பார்க்கவில்லை.
சிரித்தான். வரைவு என்று போடேன், சுருக்கமாய்.
வரைவு என்றால்
யாரோ முடிக்கப்போவதாய் நினைப்பார்கள், என்றேன்.
ஒரு காபி முழுக்கச் சண்டை.
கடைசியில் சேர்த்தான்,
பட்டியலின் அடியில், சாம்பல் நிறத்தில்.

இப்போது புது அட்டை ஒவ்வொன்றும்
யாரும் பார்க்கவில்லை என்றே திறக்கிறது.
ஒரு சொடுக்கு கூடிவிட்டது என்று
ஐலி முணுமுணுக்கிறாள். நியாயம்தான்.

ஆனால் முன்னிருப்பை மாற்றினால்
முன்பு இருந்தது மாறாது.
பழைய அட்டைகள் பழையபடியே
நிமிர்ந்து உட்கார்ந்திருக்கின்றன,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழும்.
ஒவ்வொன்றாய்த் திறக்கிறேன்.
இன்று பதினொன்று.
இதில் கிளட்ச் என்ற சொல் மட்டும் இரண்டு மணி நேரம்.

முதலில் எடுத்தது கல்மரின் அட்டையை.
சொல்லைத் திருத்தினேன்.
ஏற்றவர்: என் முழுப்பெயர்.
ஆதாரம் என்ற இடத்தில்
நிறுவனத்துக்குள் என்று தயாராய் நின்றது.
பின்னால் அழித்துக்கொண்டே போய்
எழுதினேன்:
ஒரு பிர்ச் மரம், வோரு, அக்டோபர்.

சேமிக்கவா என்று கேட்டது.
இந்தமுறை
ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன்.