தேய்மானம் போக

நிலத்தைக் கைமாற்றுமுன்
கோப்பில் ஒரு வரலாறு வேண்டுமாம்,
இரண்டு பக்கத்துக்கு மிகாமல்.
மாநகர் மன்றச் சொத்துப் பிரிவில்
பழைய தமிழ்க் கையெழுத்தைப் படிப்பவள்
நான் ஒருத்திதான் என்பதால்
ஜெலுத்தோங் நாய்ப் பந்தயத் திடல்
என் மேசைக்கு வந்தது,
மூன்று பெட்டிகளில்,
கரப்பான் எச்சத்தோடு.

முதல் பெட்டி முழுக்க வரவு.
கீழே நாய்கள், மேல்மாடியில் சூதாட்டக் கூடம்;
இரண்டுக்கும் முதலாளி ஊர்தான்.
துறைமுகக் கூலி, ஈய உலைக் கூலி,
சனிக்கிழமைச் சம்பளம்
ஏழு மணிக்கு உள்ளே போய்
பத்து மணிக்கு நகராண்மை நிதியானது.
அதில்தான் சாக்கடை கட்டினார்கள்.
அதில்தான் தெருவிளக்கும்.
தோற்றவன் இருட்டில் தடுக்கி விழாமல்
வீடு போய்ச் சேர
அவன் காசிலேயே வெளிச்சம்.
கணக்கர் சவரிராயன்
ஆங்கில எண்களுக்கு ஓரத்தில்
தமிழில் கிறுக்கியிருக்கிறார்:
எண்ணெய் அவனுடையது, திரி அவனுடையது,
தீக்குச்சி மட்டும் நம்முடையது.

இரண்டாம் பெட்டி சொத்துப் பட்டியல்.
நாற்காலி நானூறு. வெண்கல மணி ஒன்று.
நாய்கள் முப்பத்தாறு,
நாற்காலிக்குப் போட்ட அதே விதியில்
வருடத்துக்கு இருபத்தைந்து விழுக்காடு தேய்மானம்.
நான்காம் ஆண்டு முடிவில்
ஒவ்வொரு நாயும் ஒரு வெள்ளி.
பூஜ்ஜியம் போட்டால்
பட்டியலிலிருந்து விழுந்துவிடும் என்று
ஒரு வெள்ளி.
அடுத்த கட்டத்தில் 'நீக்கப்பட்டது'.
எங்கே, எப்படி என்று கேட்க
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

வேலப்பன் என்றொருவர் முயலை ஓட்டினார்.
துணியும் தகரமுமான முயல்;
உயரத்தில் ஒரு கூண்டு, கையில் ஒரு பிடி.
முதல் நாய்க்குப் பன்னிரண்டு கெஜம் முன்னால்,
கூடவும் கூடாது, குறையவும் கூடாது.
கூடினால் நாய்க்கு நம்பிக்கை போய்விடும்,
குறைந்தால் முயலே போய்விடும்.
பதினோரு ஆண்டுகள்
அந்தப் பன்னிரண்டு கெஜத்தைத் தவிர
அவர் எந்தப் பந்தயத்தையும் பார்க்கவில்லை.

ஓர் ஆகஸ்ட் இரவு, மழை.
ஐந்தாம் பந்தயத்தின் நடுவில் மின்சாரம் போனது.
விளக்கு திரும்பியபோது
முயலைச் சுற்றி ஆறு நாய்கள்.
ஐந்து, கிழித்துக்கொண்டிருந்தன.
நாய் எண் பதினான்கு, பெயர் மல்லிகா,
கொஞ்சம் தள்ளி ஈரத்தில் உட்கார்ந்து
கூண்டில் இருந்தவரையே
அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததாம்.
கட்டிய பணமெல்லாம் திருப்பித் தரப்பட்டது.
பதினெட்டு வருடப் பேரேட்டில்
யாரும் தோற்காத ஒரே பக்கம்;
அதற்குச் சிவப்பு மையில் 'நட்டம்'.

மூன்றாம் பெட்டியில் பெரிதாக ஒன்றுமில்லை.
மூடும் ஆணை. எதற்கென்று தெரியாத சாவிகள்.
எலிப்பொறி கேட்டு ஒரு விண்ணப்பம்,
நிலுவையில்.
அடியில், கார்பன் நீலம் மங்கிய ரசீது:
நாய் 14. ஒரு வெள்ளி. ரொக்கம்.
வாங்கியவர் வேலப்பன்.
ஓரத்தில் பென்சிலில், அதே கிறுக்கல்:
பயல் பேரமே பேசவில்லை.

இரண்டு பக்கம் எழுதிவிட்டேன்.
பரப்பளவு, திறந்த நாள், மூடிய நாள்,
ஊர் வளர்ச்சிக்கு ஆற்றிய பங்கு.
ரசீதைச் சேர்க்கவில்லை.
அது என் கைப்பையில் இருக்கிறது.
மன்றச் சொத்தை நான் எடுத்தது இதுவே முதல் முறை,
தேய்மானம் போக
என்ன மதிப்பு வரும் என்று தெரியவில்லை.

வீட்டு வாசலில் விளக்குக் கம்பம் அறுபத்தொன்று,
அந்தக் காலத்து இரும்பு.
குப்பைத் தொட்டிப் பக்கமிருந்து ஒரு செவலை நாய்
அவசரமில்லாமல் வந்து,
சுற்றி முகர்ந்து,
காலைத் தூக்கியது.
சாவியைக் கையில் வைத்துக்கொண்டு
அது முடிக்கும்வரை நின்றேன்.