முழுக்கை

உறுதிமொழி நாளன்று
வலது கையை நீட்டச் சொன்னார்கள்.
மைக் கரகரத்தது.
முதல்வர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தினார்,
நாங்கள் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பித் தந்தோம்.
எனக்கு அடுத்து நின்ற வயிரவன்
ஆவணிப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை போட்டு
மணிக்கட்டுப் பித்தானையும் மாட்டியிருந்தான்.
'தொடமாட்டேன்' என்ற இடத்தில்
எங்கள் வரிசையில் உரக்கக் கேட்டது
அவன் குரல்தான்.

கோட்டையூரில் பூட்டிக் கிடந்த பெரிய வீடு,
கல்லூரி வாடகைக்குப் பிடித்து விடுதி ஆக்கியது.
பெட்டகம் வைத்திருந்த அறை எங்களுக்கு.
சன்னல் கிடையாது. கதவோ யானைக் கனம்,
சாத்திவிட்டால் உள்ளே அலறினாலும்
வளவுக்கு எட்டாது.
அவன் அலறவில்லை.
எவர்சில்வர் டம்ளரின் அடியில்
எதுவோ நொறுங்கும் சத்தம், அவ்வளவுதான்.
நான் போர்வைக்குள் தூங்கினேன்,
தூங்குகிறவன் மூச்சை எப்படி விடுவான்
என்று யோசித்து யோசித்து.
மூன்று தடவை இருநூறு ரூபாய் கொடுத்தேன்.
ஜெராக்ஸுக்கு என்றான்.
எத்தனை பக்கம் என்று நான் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஓர் இரவெல்லாம் மழை.
முற்றத்தில் முழங்கால் தண்ணீர்.
காவலாளி அடைக்கலம் அண்ணன்
தூம்பில் கையை விட்டுத் துழாவினார்.
இலை, சோப்பு உறை, ஒரு செருப்பு.
சட்டென்று கையை உதறினார்.
விரல் நுனியில் பொட்டுப்போல ரத்தம்.
கைலியில் துடைத்துக்கொண்டு
'முள்ளு' என்றார்.

யார் முள் என்று எனக்குத் தெரியும்.

வார்டனிடம் போகவில்லை.
'அண்ணே, அது முள்ளு இல்ல' என்றேன்.
பிறகு அறைக்குப் போய் வயிரவனை எழுப்பி
அதையே அவனிடமும் சொன்னேன்.

மூவரும் நகரப் பேருந்தில் காரைக்குடிக்கு.
அரசு மருத்துவமனையில்
ஒரே பெஞ்சு, இரண்டு சீட்டு:
அவருக்கு ரத்தம் எடுக்க,
இவனுக்கு மனநல மருத்துவர்.
அடைக்கலத்துக்கு
இருபத்தெட்டு நாள் மாத்திரை எழுதினார்கள்.
மாத்திரை என்றதும் வயிரவன்
நெஞ்சில் முகவாய் இடிக்கக் குனிந்தான்.
'உனக்கு எத்தன நாளுப்பா எழுதுனாக?'
என்று கேட்டார் அவர்.
கோபம் இல்லாமல்தான் கேட்டார்.
அது இன்னும் மோசமாக இருந்தது.

இப்போது விடுதியில் என் பெயர் சிபிஐ.
சாப்பாட்டு வரிசையில்
எனக்குப் பின்னால் ஓர் ஆள் இடம் விடுகிறார்கள்.
வாசலில் புதுப் பலகை, 'போதையில்லா வளாகம்'.
கீழே இருந்த புகார் எண்ணில்
ஓர் இலக்கத்தை யாரோ சுரண்டிவிட்டார்கள்.
நான் பேனாவால் எழுதி வைத்தேன்.
மறுநாள் அதுவும் இல்லை.
மறுபடி எழுதினேன்.

வயிரவன் ஒரு செமஸ்டர் விடுப்பில்
காளையார்கோவிலில், அக்கா வீட்டில் இருக்கிறான்.
என்னோடு பேசுவதில்லை.
நேற்று இரவு வாட்ஸப்பில் ஒரே வரி:
'அண்ணனுக்கு மறு டெஸ்ட் எப்போ?'

பொங்கல் விடுமுறை முடிந்து மறுநாள் என்றேன்.
இரண்டு நீலக் குறி.
நெடுநேரம் தட்டச்சு செய்துகொண்டே இருந்தான்.
எதுவும் வரவில்லை.
நான் போனைக் கவிழ்த்து வைக்காமல்
கதவைத் திறந்துபோட்டுப் படுத்தேன்.