இடக்கை எழுத்து

ஓஹையோ, 1866. சேணக்கடைக்கு மேல்மாடி.
லெமுவேல் டிரஸ்க் சட்டையின் வலப்பக்கத்தை மடித்து
ஊக்கு குத்தியிருக்கிறான்.
மேசையில் இரும்புப் பேனா, மசிப்புட்டி,
காகிதம் நழுவாமலிருக்க ஒரு குதிரை லாடம்.
பலகை இடுக்கு வழியே தோல் பதமிடும் எண்ணெய் வாடை.

வலக்கை போன சிப்பாய்களுக்கு
இடக்கையால் எழுதும் போட்டி என்று
நியூயார்க்கில் ஒரு பத்திரிகை அறிவித்திருக்கிறது.
நல்ல கையெழுத்துக்குப் பணமுடிப்பு.
எதை வேண்டுமானாலும் எழுதலாமாம்.
நாட்டுப்பற்று இருந்தால் நல்லதாம்.

நான்கு மாதமாகப் பழகுகிறான்.
எழுத்துகள் பின்னுக்குச் சாய்கின்றன,
சேற்று மேட்டில் பீரங்கி இழுக்க மறுத்த
கோவேறு கழுதைகள் மாதிரி.
எழுதியதன் மேலேயே கை ஊர்ந்து போகிறது;
ஒவ்வொரு வரியும் பிறந்த கணமே
பாதி அழிகிறது.

வலக்கை இப்படியில்லை.
கம்பெனியில் எழுத்தறிந்தவர்கள் ஒன்பது பேர்;
மற்ற எட்டுக் கைகளும் அதன் முன் கோழிக்கால்.
காதலிக்கு எழுதியது, கடன்காரனுக்கு எழுதியது,
செத்தவன் வீட்டுக்கும் அதுவே எழுதியது.

"வேதனைப்படவில்லை.
கடைசிவரை நினைவிருந்தது.
ஜெபித்தபடியே கண்மூடினான்."
மூன்று வாக்கியம். பெயரை மாற்றினால் போதும்.
விக்ஸ்பர்க் முற்றுகையில் ஒரே மாலை
பதினொரு கடிதம்,
மசி காயுமுன் மடித்து மடித்து.

இடக்கைக்கு அன்று ஒரே வேலை:
காகிதம் பறக்காமல் அழுத்திக்கொள்வது.
ஒரு கையின் காரியம் மறு கைக்குத் தெரியாதென்பார்கள்.
விரலடியில் நடந்தது விரலுக்குத் தெரியாதா?

அந்த வலக்கை இப்போது ஜார்ஜியாவில்,
ஒரு பள்ளிக்கூடத்தின் பின்புறக் குழியில்,
யார் யாருடைய கால்களோடோ கிடக்கிறது.
சில இரவுகளில் அதன் கட்டைவிரல் அரிக்கிறது.
சொறியப் போனால் போர்வைதான் அகப்படுகிறது.

மார்ச்சில் இண்டியானாவிலிருந்து ஒரு கடிதம்.
தர்சா கோல்வின், ஓரனின் தாய்.
"நீங்கள் எழுதியதை மடிப்பு கிழியும்வரை படித்தேன்.
ஒன்று மட்டும் கேட்க வேண்டும்.
என் மகன் ஜெபித்தான் என்றீர்கள்.
அவனுக்கு ஒரு ஜெபமும் முழுதாகத் தெரியாது.
எதைச் சொன்னான்?"

போட்டித் தாளை ஓரம் தள்ளினான்.
"அன்புள்ள அம்மையாருக்கு" என்பதற்கே
அரைமணி ஆயிற்று.
வலக்கையாயிருந்தால் இந்நேரம்
ஆமென் வரை ஒரு ஜெபத்தைப் புனைந்து
உறையில் போட்டிருக்கும்.
இது தவழும் கை.
பொய்யைத் தூக்கிக்கொண்டு பாதி வழி வருவதற்குள்
அதன் முகத்தைப் பார்த்துவிடுகிறது.

விடியும்போது ஆறே வரி:

"ஓரனைக் குண்டு தொடவில்லை. வயிற்றுப்போக்கு.
ஒன்பது நாள். ஒழுகும் கூடாரம்.
உங்களைக் கூப்பிடவில்லை, கடவுளையும் கூப்பிடவில்லை.
வெங்காயம் கேட்டான். பச்சை வெங்காயம், உப்போடு.
முகாமில் இருந்திருக்காது.
தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, நான் தேடவில்லை."

மணல் தூவினான். ஊதினான். அனுப்பினான்.

போட்டிக்கும் ஒரு பக்கம் போயிற்று, கொடியைப் பற்றி.
பரிசு வேறு யாருக்கோ.
இண்டியானாவிலிருந்து ஏப்ரலில் ஒன்றுமில்லை.
மே, ஜூனிலும் இல்லை.
தபால்காரன் தெருமுனையில் தெரிந்தால்
லெமுவேல் கொல்லைப்பக்கம் போய்விடுவான்.

ஆகஸ்டில் ரயிலடியிலிருந்து ஆள் வந்தான்.
ஒரு சாக்கு. துண்டுச் சீட்டுகூட இல்லை.
அவிழ்த்தால்
மண் உதறாத வெங்காயம்,
தாளோடு பிடுங்கியது.

முழங்கால் இடுக்கில் ஒன்றை வைத்துக்
கத்தியை இறக்கினான். வழுக்கிச் சுற்றிற்று.
தரையில் உருண்டதைக் கட்டிலடியில் தேடி எடுத்தான்.
உரிக்க இரண்டு கை வேண்டும்.
அவளுக்கு எப்படித் தெரியும்,
அந்த ஆறு வரியில் அதை அவன் எழுதவில்லை.

கடைசியில் தோலோடு கடித்தான்.
உப்பு மாடத்தில் இருந்தது.
எழுந்து போய் எடுக்கவில்லை.