தோர்ன்டன்களைத் தேடுகிறவருக்கு

மிஸ்டர் ஜெப்ரி தோர்ன்டன்,
உங்கள் படிவம் கிடைத்தது.
ஐஸ் பெக்டரி மேசையில் மீன்காரரின் பில்லுகளுக்கு அடியில்
நாலு நாள் நனைந்து கிடந்தது.
இங்கிலீசில் பிறகு எழுதுவேன்,
முதலில் வந்தது இதுதான்.

உலகத்துத் தோர்ன்டன் எல்லாரையும்
ஒரே மரத்தில் ஏற்றப் பார்க்கிறீர்கள்.
ஓய்வுபெற்ற நில அளவையாளர் என்று போட்டிருக்கிறீர்கள்.
சங்கிலியை இன்னும் கீழே வைக்கவில்லைப் போல.

உங்கள் கிளையைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தது யார்?
ஒரு கப்பல். அதுமட்டும் நிச்சயம்.
டொக்யாட்டில் பாய் தைத்தவன் என்பார் அப்பா.
பீரங்கி துடைத்தவன் என்பார் பெரியப்பா;
மெல்பேர்ன் போய்ச் சேர்ந்தபின்
அவனை லெப்டினன்ட் ஆக்கிவிட்டார்.

கடலோரப் பழைய சவக்காலையில் ஒரு தோர்ன்டன் படுத்திருக்கிறான்.
வயது பத்தொன்பது. காய்ச்சல்.
கரையிறங்கிப் பதினோராம் நாள் என்கிறது கல்.
பதினொரு நாளில், அதுவும் காய்ச்சலோடு,
வம்சம் வைக்க நேரம் இருந்திராது.
என்றாலும் நவம்பர் இரண்டாம் திகதி
அவனுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறோம்.
அந்தப் பெயருக்கு இந்த ஊரில்
வேறு ஆர் இருக்கிறார்கள்?

மனைவியின் பெயர், ஊர்.
தம்பலகாமத்துப் பெண்.
ஞானஸ்நானப் புத்தகத்தில் மரியா.
தலையில் தண்ணீர் விழ முன்னம் அவளை
என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ,
அந்தப் பெயரைத் தேடி
எவரும் படிவம் அனுப்புவதில்லை.

பெயரின் வேறு எழுத்து வடிவங்கள்.
இதற்கு உங்கள் பெட்டி போதாது.
அப்பா பிறந்த அன்று பதிவாளர்
ஒரு காலை இழுக்க மறந்தார், ஒரு ரகரத்தை விழுங்கினார்.
தோர்ன்டன் வீட்டில் பிறந்தது
தொண்டன்.

எண்பத்தெட்டில் மட்டிக்களிச் சந்தியில்
அந்த அட்டையைத் தமிழில் வாசிக்கத் தெரிந்த
ஓர் இந்தியச் சிப்பாய்,
மதுரைப் பக்கத்துப் பெடியன்,
"எந்தக் கட்சித் தொண்டன்யா நீ?" என்றான்.
கிரேன் ஓட்டுறன் சேர் என்றார் அப்பா.
வெயில் சாயும்வரை முட்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார்.
விடும்போது அவன் ஒரு பீடி கொடுத்தான்.
புகைக்காத மனுசன், வாங்கிக் காதில் செருகிக்கொண்டு வந்தார்.

நீங்கள் வைத்து அனுப்பிய தாளில்
பெயரின் பொருள் இருந்தது.
முன்பாதி முள்.
பின்பாதி முதலில் வேலி,
பிறகு வேலிக்குள் வீடு, பிறகு ஊர்.
வாசித்துவிட்டு நான் சிரித்த சிரிப்புக்கு
ஐஸ் உடைக்கிற பெடியன் எட்டிப் பார்த்தான்.

கந்தளாய் பஸ் ஏறினால்,
தம்பலகாமச் சந்தி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில்
முள்ளிப்பொத்தானை இருக்கிறது, மிஸ்டர் ஜெப்ரி.
முள்ளி என்றால் முட்செடி.
பொத்தானை என்னவென்று கண்டக்டருக்கும் தெரியவில்லை.

உன் ஊர் எது என்று அவள் கேட்டிருப்பாள்.
பாய் ஊசியோ பீரங்கித் துணியோ, கையில் இருந்ததை வைத்துவிட்டு
அவன் வேலியோர முள்ளைத் தொட்டுக் காட்டியிருப்பான்,
விரலில் ஒரு சொட்டு இரத்தம்.
ஓ, முள்ளியா,
எங்களுக்குப் பக்கத்து ஊர்தானே என்று
அவள் நம்பியிருப்பாள்.
சாகும்வரை நம்பியிருக்கவும் கூடும்.
இதற்குச் சான்று இல்லை.
உங்கள் மரத்தில் இதைத் தொங்கவிட வேண்டாம்.

தற்போது இவ்விடத்தில் இப்பெயருடையோர்:
இரண்டு என்று எழுதியிருக்கிறேன்,
நானும் அந்தக் காய்ச்சல்காரனும்.
தம்பி பாரிசில் இருக்கிறான்.
அவனுடைய அகதி அட்டையில் தொண்டன்.
நீங்கள் எந்த எழுத்தில் தேடினாலும் அகப்படமாட்டான்.

படிவம் இத்துடன்.
மடித்த இடத்தில் ஈரம் காயவில்லை,
மீன் மணக்கும்.
வெயிலில் ஒருநாள் போட்டுவையுங்கள்,
அங்கே வெயில் எறித்தால்.

டொரீன்