4071

வியாழன் இரவு நான் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது
ஆட்டம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது.
காலையில் வந்து பார்த்தால் என் ரயில்கள்
தண்டவாளத்துக்கு ஒரு சாண் மேலே
அந்தரத்தில் ஓடுகின்றன.
நிலைய அதிகாரி பாதி உடம்பு சுவருக்குள் புதைய
பச்சைக்கொடி காட்டுகிறார்.

வல்காவில் அன்று மைனஸ் பதினொன்று.
ஈரக் காலுறையைக்கூடக் கழற்றாமல்
பிழைப்பதிவைத் திறந்தேன்.

நிலையத்தைக் கட்டியது நானல்ல, ரைவோ.
மூன்று வருடமாக ஆள் பேச்சுமூச்சில்லை.
விட்டுப்போனது எண்ணாயிரம் வரி நிரல்,
நடுவில் ஒரு குறிப்பு:
"இந்த வரியை நீக்காதே. ஏனென்று எனக்கும் தெரியாது."
நீக்கிப் பார்த்தேன்.
புறாக்கள் தலைகீழாக நடந்தன.
திரும்ப வைத்து, கீழே எழுதினேன்:
"எனக்கும்தான். கைரே."

உயரம் சுலபம்.
தண்டவாளத்தின் கனத்தை முன்பெல்லாம் நாங்கள் கூட்டுவோம்.
இப்போது அவர்களே கூட்டுகிறார்கள்.
இருவரும் கூட்டியதில் மிதந்தது ரயில்.
ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ரயில் இறங்கியது. கடிகாரத்தைக் காணோம்.
அது தொங்கிய இடத்தில்
கொழுத்த பனிக்குவியல் ஒன்று தொங்கியது.
என் கடிகாரத்தின் எண் 4071.
'முழுக் குளிர்காலம்' என்ற இன்னொரு மோடில்
பனிக்குவியலின் எண்ணும் அதுவே.
பழைய பதிப்பு பார்த்தும் பாராமல் இருந்தது.
புதியது கறார்: கடைசியில் ஏறியவருக்கே இருக்கை.

அந்த மோடுக்காரனுக்கு எழுதினேன்.
அடெரிட்டு. கேப் வெர்டே, மிண்டெலு.
"நான் எண்ணை மாற்றினால்
ஆறாயிரம் பேரின் சேமிப்பில் பனி காணாமல் போகும்" என்றான்.
"நான் மாற்றினால்
நூற்றுப்பத்துப் பேருக்கு மணி தெரியாது" என்றேன்.
கணக்கு அவன் பக்கம்தான்.

பத்து நிமிடம் கழித்து வந்தது:
"ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே.
பனியை நான் பார்த்ததில்லை.
கூரை விளிம்பில் அது எப்படி நிற்கும்,
வெட்டிவைத்த மாதிரியா,
கீழுதடு மாதிரி வெளியே பிதுங்கியா?"

அளவுகோலை எடுத்துக்கொண்டு
சைக்கிள் கொட்டகைக்கு இறங்கினேன்.
நாயோடு வந்த இரண்டாம் மாடி உர்வே
என்ன அளக்கிறாய் என்றாள்.
விளையாட்டுக்கு என்றேன்.
நாய் மட்டும் நம்பியது.

கனம் பதினான்கு சென்டிமீட்டர்.
விளிம்பைத் தாண்டி ஆறு.
அடிப்பக்கம் உள்வாங்கி ஒரு வளைவு.
பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு கோடுகள்,
ஞாயிறு பெய்தது, புதன் பெய்தது.
விரல் பட்டதும் மொத்தமாக என் கைக்குள் விழுந்தது.
அதையும் எழுதி அனுப்பினேன்.

மறுநாள் இரவு அவனிடமிருந்து ஒரு சிறு நிரல்,
பழைய பனியையெல்லாம்
9310க்குக் குடிமாற்றுவது.
"ஆறாயிரம் பேரை நான் பார்த்துக்கொள்கிறேன்.
கடிகாரம் உன்னுடையது."

பதிப்பு 2.6.1:
ரயில்கள் தரையிறங்கின.
கடிகாரம் திரும்பியது.
'முழுக் குளிர்கால'த்தோடு சேர்ந்து இயங்கும்.
புறாக்களை யாரும் தொடவில்லை.

ஏற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தபோது
திரையின் மூலையில்
சின்னதாக ஒரு நீல அம்பு துடித்தது.
சொடுக்கவில்லை.
முதலில் காலுறை.